புள்ளி வைத்த ஐந்து

நாளை உலகில் நடக்கவிருப்பதை நமக்கெல்லாம் இன்றே அள்ளி வழங்கிவரும் அறிவுக் களஞ்சியமும், எங்கள் தொடர்மாடிச் சங்கத்தின் தலைவரும், இந்த அவையின் தலைவருமாகிய திரு. ஒஸ்வால்ட் அவர்களே! கழுத்திலே பெயரட்டையும் கண்ணிலே கணக்கும் அணிந்து, வேகத்தை விற்க வந்து வலப்புறம் வீற்றிருக்கும் விருந்தினர்களே! துறைமுகத் தூசியில் தலை நரைத்த கொட்டாஞ்சேனைப் பெரியோர்களே! அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற ஐயத்தோடு அமர்ந்திருக்கும் அன்னையர்களே! என்னைப் பார்க்க வந்து, என்னைப் பார்க்காமல், என்னைப் படம் பிடிக்கும் கண்ணாடித் திரையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும் இளஞ்சிங்கங்களே! நான்காம் மாடி புளோறன்ஸ் டீச்சரின் நெஞ்சார்ந்த வணக்கம் உங்கள் அனைவருக்கும் உரியதாகுக!

விழாவின் பெயர் ‘வேக வலையின் வெற்றி விழா’. எனக்குத் தந்த தலைப்பு ‘வேகம் தந்த வாழ்வு’. ஆகா! என்ன தலைப்பு! வாயில் வைத்தாலே வழுக்குகிறது! எங்கள் மொட்டை மாடியில் புதிதாக நட்டிருக்கும் அந்தக் கம்பத்திலிருந்து பாயும் அலையினால், ஒரு திரைப்படம் முழுவதும் கண்ணிமைக்கும் முன்னே கைக்குள் இறங்கிவிடுமாம். இறங்கட்டும், நன்றாக இறங்கட்டும்! இறங்கிய படத்தைப் பார்க்க அதே மூன்று மணி நேரம் வேண்டுமே, அதற்கு என்ன செய்வதாக உத்தேசம்?

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் கொஞ்சம் மிச்சம் வையுங்கள். சிரிக்க முடியாத இடம் ஒன்று வரப்போகிறது.

நம் தலைவர் நடத்தும் வாட்ஸ்அப் குழுவின் பெயர் ‘நாளைய உலகம்’. இன்று தண்ணீர் வருமா என்று அதில் கேட்டுப் பாருங்கள், பதில் வராது. படிக்கட்டில் விளக்கு எப்போது எரியும் என்று கேட்டுப் பாருங்கள், பதில் வராது. இன்னும் பிறக்காத கைபேசியைப் பற்றிக் கேளுங்கள்! மடை திறந்த வெள்ளம்! சேலையைப் போல மும்முறை மடியும் போன் வருகிறதாம். சார்ஜ் ஏற்ற ஓட்டையே இல்லாத போன் வருகிறதாம். நிலவிலே உள்ள குழியை நெருங்கிக் காட்டும் போன் வருகிறதாம். ஐயா, நம் வாசலில் உள்ள குழி ஒருவர் கண்ணிலும் படவில்லையே! பெண்ணும் பார்க்கவில்லை, பரிசமும் போடவில்லை. பேரனுக்குக் கடுக்கன் செய்துவிட்டோம்!

இதெல்லாம் யார் சொன்னது என்று கேட்டால், ‘கசிந்த செய்தி’ என்கிறார்கள். எங்கள் கட்டடத்தில் கசிவது இரண்டு. ஒன்று கூரையிலுள்ள தண்ணீர்த் தாங்கி. மற்றது தலைவரின் குழு. தாங்கியில் கசிவதாவது தண்ணீர்!

தலைவர் சிரிக்கிறார். நல்லது, பெருந்தன்மை.

இப்படிக் கசிந்த செய்திகளில் ஒன்று, சென்ற ஆண்டின் கடைசியில் கசிந்தது. ‘புதிய வேக வலை வந்ததும் பட்டன் போன்கள் யாவும் அடுத்த மாதத்தோடு செத்துவிடும். உடனே மாற்றுங்கள். எல்லாருக்கும் பகிருங்கள்.’ பகிர்ந்தோம்! பகுத்தறியாமல் பகிர்ந்தோம்! படிக்காமல்கூடப் பகிர்ந்தோம்!

இதன் மூலத்தை நான் தேடிப் போனேன். ஆசிரியை அல்லவா, யார் முதலில் கதைத்தது என்று கண்டுபிடிக்காமல் எனக்கு உறக்கம் வராது. தலைவரைக் கேட்டேன். எங்கள் கட்டடத்து டெரிக் சொன்னான் என்றார். டெரிக்கைக் கேட்டேன். போன் கம்பனிக்காரர் ஒருவர் சொன்னதாகத் தன் சிநேகிதன் சொன்னான் என்றான். சிநேகிதன் அந்தக் கம்பனியில் வேலையா என்றேன். இல்லையாம், அந்தக் கட்டடத்தின் கீழ்த்தளத்துத் தேநீர்க்கடையில் வேலையாம். அந்தப் பிள்ளையையும் கேட்டுவிட்டேன். அவன் சொன்னான்: “மிஸ், ஒரு ஆள் டீ குடிச்சிட்டு ‘பழைய போன் செத்துப்போச்சு, இனிப் புதுசுதான்’ எண்டு சொன்னார். அவர் தன்ட போனைத்தான் சொன்னார் போல.”

அவையோரே, கேட்டீர்களா? ஒரு மனிதனின் ஒரு போன் செத்தது. அந்தச் சாவுக்குக் கொட்டாஞ்சேனை முழுவதும் கொள்ளி வைத்தது!

கீழே வாசலருகில் ஓர் அட்டைப் பெட்டி வைக்கப்பட்டது. பழைய போன்களை அதில் போட வேண்டும். மொட்டை மாடிக் கம்பத்தின் திறப்பு விழாவன்று பெட்டியோடு படம் பிடித்து, பிறகு கழிவுக்கு அனுப்ப வேண்டும் என்பது தலைவரின் திட்டம். போட்டார்கள், போட்டி போட்டுப் போட்டார்கள். அந்தப் பெட்டிக்குள் விழுந்த போன்களில் ஒன்று, ஐந்தாம் மாடி பாலசுந்தரம் அண்ணனுடையது.

புதிதாய் வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். பாலசுந்தரம் அண்ணனுக்கு இளவயதிலேயே பார்வை போய்விட்டது. கோட்டையில் ஒரு கப்பல் கம்பனியின் தொலைபேசிப் பரிமாற்றத்தில் ஓய்வு பெறும்வரை வேலை செய்தவர். குரலைக் கேட்டே ஆளைச் சொல்வார். அவருடைய பட்டன் போனில் ஐந்தாம் இலக்கத்தின் மேலே சின்னஞ்சிறு புள்ளி ஒன்று மேடாக இருக்கும். உங்கள் போனிலும் இருந்தது. நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். விரல் அந்தப் புள்ளியில் நின்றால் போதும். மேலே இரண்டு, கீழே எட்டு, இடம் நான்கு, வலம் ஆறு. இருந்த இடத்திலிருந்தே உலகத்தை அழைப்பார். நமக்கு ஐந்தாம் தலைமுறை வலை வந்தது, அடுத்த தலைமுறை வருகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. அந்த மனிதருக்கு வேண்டியிருந்த ஐந்து எது? புள்ளி வைத்த ஐந்து! அதைத்தான் பிடுங்கினோம்!

யார் பிடுங்கியது? கெட்டவர் யாருமில்லை, அதுதான் கொடுமை. மகன் றமேஷ் வெள்ளவத்தையில் இருக்கிறான், நல்ல பிள்ளை. தலைவர் அவனை அழைத்து, “தம்பி, அப்பாட போன் அடுத்த மாதம் வேலை செய்யாது, பிறகு அவசரத்துக்கு என்ன செய்வீங்கள்?” என்று கேட்டிருக்கிறார். பிள்ளை பதறினான். அன்று பின்னேரமே விலையுயர்ந்த கண்ணாடிப் போன் ஒன்றை வாங்கிக்கொண்டு ஓடி வந்தான். பழையதிலிருந்த சிம்மைக் கழற்றி இதில் போட்டான். பழைய போன் பெட்டிக்குப் போனது.

பாலசுந்தரம் அண்ணன் கண்ணாடியைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டாராம்: “இதில ஒண்டுமே இல்லையே தம்பி, நான் எங்க அமத்துறது?”

“பழகிடும் அப்பா. அம்மா இருக்கிறாதானே, அவ எடுத்துத் தருவா.”

அம்மா இருக்கிறாதானே! றஞ்சிதம் அக்கா இருக்கிறா, எடுத்துத் தருவா. றஞ்சிதம் அக்காவே விழுந்தால் யார் எடுத்துத் தருவது? அந்தக் கேள்விக்கு நிலவின் குழியைக் காட்டும் போனிலும் பதிலில்லை.

ஒரு துண்டுச் சீட்டு வருகிறது. தலைவர் ‘நேரம்’ என்று எழுதியிருக்கிறார். நன்றி ஐயா. நேரம் எனக்குத் தெரியும். நீங்கள் இன்னும் கொஞ்சம் இருந்து கேட்க வேண்டும்.

திறப்பு விழா நாள். ஞாயிற்றுக்கிழமை முற்பகல். இதே முற்றத்தில் மேடை. ஆளுயரத்துக்கு ஒலிபெருக்கிகள். வாசல் படலைக்குக் குறுக்கே பலூன் வளைவு. மாடி மாடியாக வீடுகள் காலி. அத்தனை பேரும் கீழே. முதலில் வருவோருக்குப் பரிசு என்று அறிவித்தார்கள் அல்லவா, பிறகு யார் வீட்டில் இருப்பார்கள்? பாலசுந்தரம் அண்ணனும் றஞ்சிதம் அக்காவும் இறங்கவில்லை. அக்கா மத்தியானச் சமையலில் இருந்தவ. மேல் தட்டிலிருந்து டின் ஒன்றை எடுக்க முக்காலியில் ஏறியிருக்கிறா. முக்காலி சரிந்தது. இடுப்பு எலும்பு முறிய, தலை சுவரில் மோத, குசினித் தரையில் விழுந்தா.

அண்ணன் ஓடினார். எண்ணெய் புகையும் மணத்தைப் பிடித்து முதலில் அடுப்பை அணைத்தார். பிறகு தரையைத் தடவினார். கையில் ஈரம். தண்ணீரா, இரத்தமா? அவருக்கு எப்படித் தெரியும்? விரலை மூக்கருகில் கொண்டு போனார். தெரிந்துகொண்டார்.

“றஞ்சிதம், கதையும்.”

அக்கா முனகினாவே தவிரக் கதைக்கவில்லை.

சட்டைப் பையிலிருந்து அந்தக் கண்ணாடியை எடுத்தார். தேய்த்தார். தட்டினார். அது குசினிக் கூரையைப் படம் பிடித்தது. மறுபடி தேய்த்தார். அது வானிலை சொன்னது. மறுபடியும் தட்டினார். அப்போது அதற்குள்ளிருந்து ஒரு குரல் கணீரென்று கேட்டது: “வணக்கம் நண்பர்களே! அடுத்த வருடம் வரப்போகும் போனைப் பற்றிச் சூடான கசிவு ஒன்று கிடைத்திருக்கிறது!”

யாருடைய குரல் என்று நான் சொல்ல வேண்டுமா? குழுவில் போட்ட காணொளி. மனைவி குருதியில் கிடக்கிறா, கணவன் உதவிக்கு ஆளைத் தேடுகிறார், கையில் இருக்கும் கருவி கமராக்களின் எண்ணிக்கையை விவரிக்கிறது! அதை நிறுத்தவும் அவருக்குத் தெரியவில்லை. நிறுத்த பட்டன் இல்லையே!

இப்போது யாரும் சிரிக்கவில்லை. நல்லது.

வெளியே வந்து பக்கத்துக் கதவைத் தட்டினார். பூட்டு. எதிர்க்கதவு. பூட்டு. சுவரைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார். முற்றத்துக்கு வந்தால், அவர் காலுக்குப் பழகிய வழியே இல்லை! வழியெங்கும் நாற்காலி, வயர், கூட்டம். “றஞ்சிதம் விழுந்திட்டா!” என்று கத்தினார். ஒலிபெருக்கிக்கு முன்னால் ஒரு முதியவரின் குரல் எம்மாத்திரம்? நம்மில் ஒருவர், யாரென்று பெயர் சொல்ல மாட்டேன், அவருக்கே தெரியும், அண்ணன் விழா பார்க்க வந்தார் என்று நினைத்து, தோளைப் பிடித்து நாற்காலியில் அமர்த்தி, சாப்பிடச் சொல்லிக் கையிலே ஒரு பற்றீஸ் பொதியை வைத்திருக்கிறார்.

பற்றீஸ்! அன்புக்கும் காது வேண்டும், அவையோரே!

அவர் எழுந்தார். ஒரு தொலைபேசிக்காரனின் மூளை அது. எல்லாருக்கும் கேட்கும் குரல் எங்கிருந்து வருகிறதோ அங்கே போக வேண்டும் என்று முடிவு செய்தார். கூட்டத்தில் எந்தச் சத்தம் மிகப் பெரிதோ அதை நோக்கி நடந்தார். நாற்காலிகளில் இடித்தார், வயரில் தடுக்கினார், மேடை விளிம்பில் முழங்காலை மோதினார். கைகளை முன்னே நீட்டி மேடையில் ஏறிவிட்டார். அங்கே நின்று நிகழ்ச்சியை நடத்திக்கொண்டிருந்தவள் மேனுகா என்ற இளம்பெண். கொம்பனித்தெருப் பிள்ளை; அன்று அறிவிப்புச் செய்ய, இந்த விருந்தினர்களின் கம்பனி அமர்த்திய விழா ஏற்பாட்டாளர்கள் அழைத்து வந்தவள். கீழேயிருந்து ஏற்பாட்டாளர் கையசைத்தார், இறக்கு இறக்கு என்று. தலைவரும் கையசைத்தார், அதையும் சொல்லத்தான் வேண்டும். அந்தப் பெண் இருவரையும் பார்த்தாள். அண்ணனின் முகத்தைப் பார்த்தாள். இசையை நிறுத்தச் சொன்னாள். ஒலிவாங்கியை அவர் கையில் வைத்தாள்.

“றஞ்சிதம் விழுந்து கிடக்கிறா. அஞ்சாம் மாடி, எங்கட வீடு. கதவு திறந்துதான் கிடக்கு. ஆராவது ஏறுங்கோ.”

எத்தனை போன்கள் அப்போது மேடையை நோக்கி உயர்ந்திருந்தன! எத்தனை கமராக்கள், எத்தனை கண்கள்! முதலில் அசைந்த கால் யாருடையது தெரியுமா? கீழே போன் திருத்தும் கடை வைத்திருக்கும் மர்ஸூக் நானாவுடையது. “நீங்க இதில இரிங்க அண்ணன், நான் மேல போறன்” என்று சொல்லி, ஓடிக்கொண்டே அம்புலன்ஸுக்கு அழைத்தார். அவர் மகள் பஸ்லா தலைக்குக் கட்டத் துணியோடு பின்னால் ஓடினாள். அதற்குப் பிறகுதான் மற்றவர்களுக்குக் கால் இருப்பது நினைவுக்கு வந்தது.

அம்புலன்ஸ் வந்தது. வந்து வெளியிலே நின்றது. ஏன் நின்றது? பலூன் வளைவு! வேகத்தை வரவேற்கக் கட்டிய வளைவு, வேகமாக வந்த ஒரே வண்டியை மறித்துக்கொண்டு நின்றது! நீதியாகச் சொல்ல வேண்டும்: நாடா வெட்ட வைத்திருந்த கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு ஓடி, அந்த வளைவை அறுத்தெறிந்தவர் தலைவர் ஒஸ்வால்ட் அவர்கள்தான். அன்று அவர் செய்த உருப்படியான திறப்பு அது ஒன்றே!

கைதட்டுங்கள், அதற்குத் தட்டலாம்.

அக்கா பிழைத்தா. சத்திரசிகிச்சை முடிந்து, இப்போது ஊன்றுசட்டத்தைப் பிடித்துக்கொண்டு நடக்கிறா. அதோ, மூன்றாம் வரிசை ஓரத்தில் இருக்கிறா, பக்கத்தில் அண்ணன். ஆனால் ஆஸ்பத்திரி வராந்தாவில் நடந்ததை நீங்கள் அறிய வேண்டும். நானும் அங்கே நின்றேன். பஸ்லா அந்தக் கண்ணாடிப் போனை வாங்கிப் பார்த்தாள். எதையோ அமத்தினாள். போன் கதைத்தது! விரல் படும் இடத்தையெல்லாம் வாய்விட்டு வாசித்தது. தமிழை வெள்ளைக்காரத் துரை படிப்பது போலத்தான் படித்தது, ஆனாலும் படித்தது.

“றமேஷ் அண்ணா, கண் தெரியாத ஆக்களுக்கு இந்த போன் கதைக்கும்தானே. யாரும் இத ஒன் பண்ணிக் குடுக்கல்லயா?”

றமேஷ் படியில் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான். பாலசுந்தரம் அண்ணன் சத்தத்தைக் கொண்டே இடமறிந்து போய், மகனின் தலையில் கை வைத்தார். “விடு தம்பி. உனக்கு ஆரும் சொல்லேல்ல.”

ஆருமே சொல்லவில்லை! இதுதான் என் வழக்கு! அடுத்த வருடம் வரப்போகும் போனுக்கு எத்தனை கண் என்று எங்களுக்குத் தெரியும். கையிலிருக்கும் போனுக்கு வாய் இருக்கிறது என்று தெரியாது! கையில் வெண்ணெய், நெய்க்கு அலைச்சல்! கடல் கடந்த கம்பனியின் கதவிடுக்கில் காது வைக்கத் தெரியும். அடுத்த வீட்டுக் கதவில் காது வைக்கத் தெரியாது! இதற்குப் பெயர் அறிவா? இதற்குப் பெயர் முன்னேற்றமா? இதற்கா வெற்றி விழா?

அடுத்த மாதம் வந்தது. பட்டன் போன் சாகும் என்றார்களே, அந்த மாதம். மர்ஸூக் நானா அட்டைப் பெட்டியைக் கழிவுக்கு அனுப்ப விடாமல் கடைக்குள் வைத்திருந்தார். பாலசுந்தரம் அண்ணன் பெட்டிக்குள் கைவிட்டுத் துழாவித் தன் போனைத் தானே எடுத்தார். சிம்மைப் போட்டு, ஆஸ்பத்திரியில் நின்ற றமேஷின் போனுக்கு அழைத்தார். மணி அடித்தது. அக்கா எடுத்தா. அந்த மாதம் போய் அடுத்ததும் வந்துவிட்டது. செத்த போன் இன்றும் அடித்துக்கொண்டுதான் இருக்கிறது.

மறுபடியும் சீட்டு. இம்முறை ‘பரிசளிப்பு’ என்று எழுதியிருக்கிறார். வருகிறேன் ஐயா, அதற்குத்தான் வருகிறேன்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அக்காவுக்கு நினைவு தெளிந்ததும் என்னிடம் கேட்ட முதல் கேள்வி: “டீச்சர், இவருக்கு மைக் குடுத்த பிள்ளை ஆர்?” நான் கொம்பனித்தெருவுக்குப் போய் விசாரித்தேன். பழைய வீடுகளை இடித்து அடுக்குமாடிக் கோபுரம் கட்டுகிறார்களே, அந்த இடத்துக்குப் பின்னாலுள்ள ஒழுங்கையில் மேனுகா இருந்தாள். அடுத்த நிகழ்ச்சி எப்போது அம்மா என்று கேட்டேன்.

“நிகழ்ச்சி இல்ல மிஸ். நிரலை மீறிட்டேனாம், கம்பனிக்கு முன்னால மானம் போச்சாம். இனி வர வேணாமெண்டு சொல்லிட்டாங்க.”

“மைக்கைக் குடுத்ததுக்கு வருத்தப்படுறியா?”

“அந்த அங்கிள் கையால தேடினார் மிஸ். குடுக்காம என்ன செய்யிறது?”

விருந்தினர்களே, ஏன் போனைப் பார்க்கிறீர்கள்? இங்கே பாருங்கள்! உங்கள் வேகத்தை அன்று நிரூபித்த ஒரே ஆள் அந்தப் பெண். உதவி கேட்ட குரலை ஒரு நொடியும் தாமதியாமல் ஊருக்குக் கடத்தியது உங்கள் கம்பமா? அவள் கை! அதற்கு நீங்கள் கொடுத்த விருது, ‘இனி வர வேண்டாம்’!

இப்போது இந்தத் தங்க நிறப் பெட்டி. உள்ளே புத்தம்புதிய போன். இதை என் கையால் பாலசுந்தரம் அண்ணனுக்கு வழங்கி, அவர் சிரிக்க, நீங்கள் படம் பிடித்து, பத்திரிகைக்கு அனுப்ப வேண்டும் என்பது ஏற்பாடு. இன்று பின்னேரம் அண்ணன் என்னிடம் சொன்னதை அப்படியே சொல்கிறேன்: “டீச்சர், எனக்கு அது வேண்டாம். கோவமில்லை. அந்தப் பிள்ளையைத் திருப்பி வேலைக்கு எடுக்கச் சொல்லுங்கோ. எடுத்தால் நான் மேடைக்கு வாறன், படமும் எடுக்கட்டும்.”

ஆகவே பெட்டி இந்த மேசையிலேயே இருக்கட்டும். கேள்வியை நான் விருந்தினர்களிடம் கேட்கிறேன், சபையறியக் கேட்கிறேன். எடுப்பீர்களா?

தலைவரே, நீங்கள் எழுகிறீர்கள். என்ன? சொல்லுங்கள், எல்லாருக்கும் கேட்கச் சொல்லுங்கள்.

அவையோரே, தலைவர் சொல்வதை நான் உரக்கச் சொல்கிறேன். விருந்தினர் முடிவு எப்படியோ, எங்கள் சங்கத்தின் நத்தார் விழாவும் பொங்கல் விழாவும் நோன்புப் பெருநாள் ஒன்றுகூடலும் இனி மேனுகாதான் நடத்துவாளாம். ஐயா, நெடுநாளாக நாளைய செய்தி சொல்லி வருகிறீர்கள். நான் நம்பும் முதலாவது செய்தி இது! வெள்ளைச் சட்டை விருந்தினர் ஒருவரும் தலையசைக்கிறார். வாய் திறந்து சொல்லுங்கள் தம்பி, தலையாட்டலைக் காண முடியாத ஒருவர் மூன்றாம் வரிசையில் இருக்கிறார். “எடுப்போம்” என்கிறார்! அண்ணன், கேட்டதா? இத்தனை போன்கள் பதிவு செய்திருக்கின்றன; இன்றைக்குத்தான் இவற்றால் ஒரு பயன்!

மேனுகா, பின்னால் மர்ஸூக் நானா கடைப் படியில் ஏன் அம்மா நிற்கிறாய்? மேலே வா. றமேஷ், அப்பாவின் கையைப் பிடி. பஸ்லா, அக்காவைக் கூட்டி வா, மெதுவாக, அவசரமே இல்லை. வழி விடுங்கள். நாற்காலிகளை விலக்குங்கள். அந்த வயரைத் தூக்கிப் பிடியுங்கள்.

என் ஏச்சைப் பொறுத்திருந்த தலைவருக்கும், தலைப்பை மீறிய என்னை இறக்காமல் விட்ட பெரியோர்களுக்கும், கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும் தாய்மார்களுக்கும், போனைக் கீழே இறக்கிய பிள்ளைகளுக்கும் என் நன்றி. வணக்கம்.